இருட்டுக்குக் கண் பழகும் அந்த அரை மணி நேரம்

சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்குப் போனால் இரவில் அடிக்கடி கரண்ட் போய்விடும். போன நொடியில் எதுவுமே தெரியாது. தீப்பெட்டியைத் தேடி எழுந்து ஓடும் எங்களை ஆச்சி கையைப் பிடித்து உட்கார வைப்பார். "செத்த நேரம் சும்மா இருங்க, கண்ணு பழகிரும்" என்பார். பழகத்தான் செய்தது. முதலில் வாசல் நிலையின் விளிம்பு தெரியும். அப்புறம் திண்ணைத் தூண். அப்புறம் முற்றத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் அண்டா. அரை மணி நேரம் போனால், விளக்கு எரிந்தபோது வானத்தில் இல்லவே இல்லை என்று நினைத்த நட்சத்திரங்களெல்லாம் வந்து நிற்கும்.

அப்படிக் கண்ணுக்குள் பழகுவது எது?

கண்ணின் நடுவில் ஒளி நுழையும் துளையான பாவை விரிகிறது என்பது பள்ளியில் படித்த பதில். அது உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கு போதாது. நல்ல வெளிச்சத்தில் 2 மில்லிமீட்டர் அகலம் இருக்கும் பாவை, இருட்டில் 7 அல்லது 8 மில்லிமீட்டர் வரை விரியும். பரப்பளவில் பார்த்தால் அதிகபட்சம் 16 மடங்கு. ஆனால் அரை மணி நேர இருட்டுக்குப் பிறகு கண்ணின் உணர்திறன் பல்லாயிரம் மடங்கைத் தாண்டி, லட்சம் மடங்கு வரைகூடப் போகிறது. மீதி வேலை அத்தனையும் கண்ணின் பின்சுவரில், கால் மில்லிமீட்டர் தடிமன்கூடச் சரியாக வராத விழித்திரையில் நடக்கிறது. அங்கே இருக்கும் ஒளியுணர் செல்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இவற்றைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை மட்டும் தலைகீழாக யோசிக்கப் பழக வேண்டும். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

இந்தச் செல்கள் இரண்டு வகை. உருவத்தை வைத்தே குச்சிச் செல்கள், கூம்புச் செல்கள் என்று பெயர். ஒரு கண்ணில் குச்சிச் செல்கள் 9 முதல் 12 கோடி வரை இருக்கும்; கூம்புச் செல்கள் 45 முதல் 60 லட்சம்தான். ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் ஷுல்ட்ஸ 1866-ல் பல விலங்குகளின் விழித்திரைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஆந்தை போன்ற இரவு விலங்குகளிடம் குச்சிகள் நிறைந்திருந்தன. பகலில் திரியும் பறவைகளிடம் கூம்புகள் நிறைந்திருந்தன. இரவுப் பார்வைக்குக் குச்சி, பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு என்று அவர் சொன்னது இன்றுவரை நிற்கிறது.

ஒரு குச்சிச் செல்லின் ஒளி வாங்கும் முனையைப் பெரிதாக்கிப் பார்த்தால், நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காகிதத்தில் சுருட்டி வைத்ததுபோல இருக்கும். ஏறக்குறைய ஆயிரம் தட்டுகள். தட்டு முழுக்க ரோடாப்சின் என்ற புரதம் பதிந்திருக்கிறது. ஒரே ஒரு செல்லில் சுமார் 10 கோடி ரோடாப்சின் மூலக்கூறுகள். ஒரு கண்ணில் எத்தனை குச்சிச் செல்கள் உண்டோ, கிட்டத்தட்ட அத்தனை மூலக்கூறுகள் ஒரு செல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன.

இந்த ரோடாப்சினை முதலில் கண்டவர்கள் கண்டது ஒரு நிறத்தைத்தான். 1876-ல் ரோம் நகரில் ஃப்ரான்ஸ் போல் என்ற ஆய்வாளர், இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரையை எடுத்துப் பார்த்தார். அது சிவந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் பட்டு மஞ்சளாகி, பிறகு நிறமே இல்லாமல் வெளுத்துப் போனது. ஹைடல்பெர்க்கில் வில்ஹெல்ம் கூன உடனே இந்த வேலையைக் கையில் எடுத்தார். வெளுத்த விழித்திரையைத் தனியாக வைத்திருந்தால் நிறம் திரும்பவில்லை. அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கருநிறச் செல்படலத்தின் மேல் மறுபடி படியும்படி வைத்தால் நிறம் திரும்பியது. ஆச்சி சொன்ன "பழகிரும்" என்ற சொல்லுக்கான பதிலில் பாதி, அப்போதே அந்தத் தவளையின் கண்ணில் கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

ரோடாப்சினின் நடுவில் ரெட்டினல் என்ற சின்ன மூலக்கூறு ஒன்று செருகியிருக்கிறது. இது வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. விழித்திரையில் வைட்டமின் ஏ இருக்கிறது என்று 1933-ல் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வால்ட். அந்தப் பாதையிலேயே தொடர்ந்து போய் 1967-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இருட்டில் ரெட்டினல் வளைந்த நிலையில் இருக்கும். ஒளியின் மிகச்சிறிய அலகான ஃபோட்டான் ஒன்று அதன்மேல் விழுந்தால் நிமிர்ந்துவிடும். இந்த நிமிர்தலுக்கு ஆகும் நேரம், ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்து, அதிலும் ஒரு பங்கில் ஐந்தில் ஒன்று. நாம் பார்க்கும் எல்லாவற்றிலும் ஒளி நேரடியாகச் செய்யும் வேலை இந்த ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வேதியியலும் மின்சாரமும். அவை இருட்டிலும் நடக்கக்கூடியவை.

சரி, தலைகீழாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். இருட்டில் செல் ஓய்ந்து கிடக்கும், வெளிச்சம் பட்டதும் விழித்துக்கொண்டு மூளைக்குச் சொல்லும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது இதற்கு நேர்மாறு. இருட்டில்தான் இந்தச் செல் முழு வேகத்தில் வேலை செய்கிறது. வெளிச்சம் பட்டால் அடங்குகிறது.

ஏரியின் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிச் செல்லின் சவ்வில் ஏராளமான மதகுகள் உண்டு. இருட்டில் அவை திறந்தே இருக்கும். சோடியம், கால்சியம் அயனிகள் ஓயாமல் உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும். மறுபக்கம் செல் அவற்றை ஓயாமல் இறைத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இந்தப் பாய்ச்சலால், செல்லின் மறுமுனையிலிருந்து குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அடுத்த நரம்புச் செல்லின்மேல் தொடர்ந்து கசிகிறது. இருட்டு, இருட்டு, இருட்டு என்று அது விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மதகைத் திறந்து வைத்திருப்பது சைக்ளிக் ஜிஎம்பி என்ற மூலக்கூறு. ஃபோட்டான் பட்டு ரெட்டினல் நிமிர்ந்ததும் ரோடாப்சினின் உருவம் மாறுகிறது. மாறிய ரோடாப்சின் பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்டியூசின் புரதங்களைத் தட்டி எழுப்புகிறது. ஒவ்வொரு டிரான்ஸ்டியூசினும் ஒரு நொதியை முடுக்கிவிடுகிறது. அந்த நொதி சைக்ளிக் ஜிஎம்பியை மளமளவென்று அழிக்கிறது. பிடித்திருந்த கை போனதும் மதகுகள் மூடிக்கொள்கின்றன. அயனிப் பாய்ச்சல் குறைகிறது. இருட்டில் மைனஸ் 40 மில்லிவோல்ட் அளவில் இருந்த செல்லின் மின்னழுத்தம் மைனஸ் 70-ஐ நோக்கி இறங்குகிறது. குளூட்டமேட் கசிவும் குறைகிறது. அந்தக் குறைவுதான் செய்தி. வெளிச்சம் வந்தது என்பதை மூளை அறிவது இந்த மௌனத்தால்தான்.

1960-களில் ஜப்பானின் ட்சுனியோ டோமிட்டா கெண்டை மீனின் கூம்புச் செல்லுக்குள் மிக நுண்ணிய மின்முனையைச் செலுத்தி இதை அளந்தார். நரம்பு மண்டலம் தூண்டப்பட்டால் மின்னழுத்தம் ஏறும் என்று பழகியிருந்தவர்களுக்கு, ஒளி பட்டதும் அது இறங்குவதைக் காண்பது பெரிய அதிர்ச்சி. உயிரியலில் எனக்கு மிகப் பிடித்த உண்மைகளில் இது ஒன்று. இரவெல்லாம் நாம் தூங்கும்போது, கண்ணுக்குள் கோடிக்கணக்கான செல்கள் பகலைவிட அதிகமான ஆற்றலைச் செலவழித்து, பாயும் அயனிகளை இறைத்துக்கொண்டிருக்கின்றன. உடலிலேயே எடைக்கு எடை பார்த்தால் மிக அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரை ஒன்று என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனை செலவில் கிடைப்பது என்ன? எட்ட முடியாத நுட்பம். 1942-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து செலிக் ஹெக்ட், சைமன் ஷ்லேர், மோரிஸ் பிரென் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இருட்டில் கண்ணை நன்றாகப் பழகவிட்டார்கள். பிறகு, பார்வையின் நடுவிலிருந்து 20 டிகிரி தள்ளி, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் நீலப்பச்சை ஒளியைக் காட்டினார்கள். தெரிந்ததா, தெரியவில்லையா என்பது மட்டுமே கேள்வி. பார்த்தவர்களில் அவர்களும் அடக்கம். கண்ணின் முன்பக்கத்தில் 54 முதல் 148 ஃபோட்டான்கள் விழுந்தாலே தெரிந்தது. ஆனால் அவை எல்லாமே செல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. கொஞ்சம் கண்ணின் மேற்பரப்பிலேயே தெறித்துப் போகிறது. ஏறக்குறைய பாதி, உள்ளே லென்ஸையும் கண்ணுக்குள் இருக்கும் திரவங்களையும் கடப்பதற்குள் காணாமல் போகிறது. விழித்திரையை எட்டியதிலும் ஐந்தில் ஒரு பங்கைத்தான் ரோடாப்சின் பிடிக்கிறது. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது 5 முதல் 14 ஃபோட்டான்கள். அந்த ஒளி விழுந்த இடத்தில் இருந்தவை சுமார் 500 குச்சிச் செல்கள். ஒரே செல்லில் இரண்டு ஃபோட்டான் விழ வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு குச்சிச் செல்லும் ஒரே ஒரு ஃபோட்டானுக்கே பதில் சொல்கிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். செல்லைத் தொடாமல், மனிதர்களிடம் கேள்வி கேட்டு, கணக்குப் போட்டு மட்டும் எட்டிய முடிவு அது. 1979-ல் டெனிஸ் பெய்லர், ட்ரெவர் லாம்ப், கிங்-வாய் யாவ் மூவரும் தேரையின் குச்சிச் செல் ஒன்றை மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சிப் பிடித்து, ஒற்றை ஃபோட்டானுக்கு அது காட்டும் மின்மாற்றத்தை நேரடியாகவே பதிவு செய்தார்கள்.

ஒரு செல்லுக்கு ஒன்றே போதும் என்றால், நமக்கு ஒளி தெரிய ஏன் ஐந்தாறு வேண்டியிருக்கிறது? காரணம் உடல் சூடு. ஒளியே படாமல், வெறும் வெப்பத்தால் ஒரு ரோடாப்சின் தானாகவே நிமிர்ந்துவிடுவதுண்டு. ஒரு தனி மூலக்கூறுக்கு இது சில நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் நடக்கும். ஆனால் ஒரு செல்லில் 10 கோடி மூலக்கூறுகள் அல்லவா? குரங்கின் குச்சிச் செல்லில் அளந்தபோது, ஏறக்குறைய 160 நொடிக்கு ஒரு முறை இந்தப் பொய்ச் செய்தி எழுந்தது. அதே கணக்கில், முழு விழித்திரையிலும் ஒவ்வொரு நொடியும் லட்சக்கணக்கான பொய்ச் செய்திகள் எழும். அதனால்தான் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் பல ஒரே நேரத்தில் சொன்னால்தான் விழித்திரை நம்புகிறது. பல குச்சிச் செல்கள் ஒரே கம்பியில் இணைந்திருப்பதற்கும் இது பொருந்துகிறது. 9 கோடிக்கு மேல் செல்கள் இருந்தும், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் 10 லட்சத்துக்குச் சற்று மேல்தான். இதற்குக் கொடுக்கும் விலை கூர்மை. நிலா வெளிச்சத்தில் எதிரே ஆள் நிற்பது தெரியும். கையில் இருக்கும் செய்தித்தாளைப் படிக்க முடியாது.

ஹெக்ட் குழுவினர் 20 டிகிரி தள்ளி ஒளியைக் காட்டியதும் யோசித்துச் செய்ததுதான். நாம் நேராகப் பார்க்கும் பொருளின் பிம்பம் விழும் ஃபோவியா என்ற சின்னக் குழியின் நடுவில் குச்சிச் செல்லே கிடையாது. அங்கே கூம்புகள் மட்டும்தான். ஒரு சதுர மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட 2 லட்சம் கூம்புகள் நெருக்கியடித்து நிற்கின்றன. குச்சிகள் மிக அடர்த்தியாக இருப்பது அங்கிருந்து ஏறக்குறைய 20 டிகிரி தள்ளித்தான். மங்கலான நட்சத்திரத்தை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், பக்கத்தில் பார்த்தால் மறுபடி தெரியும். மொட்டை மாடியில் படுத்து வானம் பார்த்தவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். பார்வையில் குறை எதுவும் இல்லை. குச்சிச் செல்கள் இருக்கும் இடம் அப்படி.

கூம்புச் செல்களிலும் இதே மதகு, இதே சங்கிலிதான். நிறமிப் புரதம் மட்டும் கொஞ்சம் வேறு. வேகம் அதிகம், உணர்திறன் குறைவு. அவற்றில் மூன்று வகை உண்டு. உச்ச உணர்வு ஒன்றுக்கு சுமார் 420 நானோமீட்டர் அலைநீளத்தில், இன்னொன்றுக்கு 530-ல், மூன்றாவதற்கு 560-ல். இவற்றை நீலக் கூம்பு, பச்சைக் கூம்பு, சிவப்புக் கூம்பு என்று பாடப்புத்தகங்கள் சொல்வதைப் படித்து, ஒவ்வொன்றும் தன் நிறத்தை "பார்க்கிறது" என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. எந்தத் தனிக் கூம்புக்கும் நிறம் தெரியாது. எத்தனை ஃபோட்டான் பிடித்தேன் என்ற எண்ணிக்கை மட்டுமே அதற்குத் தெரியும். பிடித்தது எந்த அலைநீளம் என்ற தகவல் பிடித்த கணத்திலேயே தொலைந்துவிடுகிறது. மூன்று வகையின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நிறம் உருவாகிறது. குச்சிச் செல்லில் ஒரே வகைதான். ஒப்பிட இன்னொன்று இல்லை. அதனால்தான் இரவில் எல்லாமே சாம்பலாகத் தெரிகிறது.

வீட்டில் செம்பருத்திச் செடி இருந்தால் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பகலில் இலையைவிடப் பளிச்சென்று இருந்த பூ, இருட்ட இருட்டக் கறுத்துவிடும். இலை வெளிறித் தெரியும். கூம்புகளிடமிருந்து குச்சிகளுக்குப் பார்வை கைமாறும் நேரம் அது. குச்சிகளின் உச்ச உணர்வு 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சையில். சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு. செக் நாட்டு ஆய்வாளர் யான் புர்கின்யே 1825-ல் விவரித்ததால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. வானியல் ஆர்வலர்கள் இரவில் சிவப்பு டார்ச் வைத்திருப்பதும் இதனால்தான். வழி பார்க்கக் கூம்புகளுக்கு அந்தச் சிவப்பு போதும், குச்சிகளின் பழக்கமும் கலையாது. மொபைலின் வெள்ளைத் திரையை ஒரு நிமிடம் பார்த்தால் பழகிய கண் பாதி பாழ்.

ஒரு வகைக் கூம்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜான் டால்டனின் கதையைச் சொல்ல வேண்டும். அணுக் கொள்கையில் நாம் படித்த அதே டால்டன். 1792-ல் மற்றவர்கள் இளஞ்சிவப்பு என்று சொன்ன ஜெரேனியம் பூ, தனக்குப் பகலில் வான நீலமாகவும் மெழுகுவத்தி ஒளியில் சிவப்பாகவும் தெரிவதைக் கவனித்தார். அவருடைய சகோதரருக்கும் அப்படியே தெரிந்தது. தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கும் என்று நம்பினார். தான் இறந்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தார். 1844-ல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. ஆனால் அந்தக் கண்ணின் பகுதிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1995-ல், அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோது 530 நானோமீட்டர் கூம்புக்கான மரபணு அவரிடம் இல்லை என்று தெரிந்தது. இந்த மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே எக்ஸ் உள்ள ஆண்களிடம்தான் குறை அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாட்டில் ஏதோ ஒரு குறை உண்டு.

இப்போது ஆச்சியின் அரை மணி நேரத்துக்குத் திரும்பலாம். நிமிர்ந்த ரெட்டினல் தானாக வளைவதில்லை. அது ரோடாப்சினை விட்டுக் கழன்று, பின்னால் இருக்கும் அந்தக் கருநிறச் செல்படலத்துக்குப் போக வேண்டும். அங்கே நொதிகள் அதை மறுபடி வளைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கூன தவளையில் பார்த்தது இதைத்தான். வெளிச்சத்தில் இருந்தபோது ஏராளமான ரோடாப்சின் வெளுத்துப் போயிருக்கும். கூம்புகள் 5 முதல் 10 நிமிடத்தில் தேறிவிடும். அதற்குமேல் அவற்றால் முடியாது. அப்புறம் மெதுவாகத் தேறி வரும் குச்சிகள் அவற்றைத் தாண்டிப் போகும். முழுதாகத் தேற 30, 40 நிமிடம் பிடிக்கும். திண்ணையில் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், கோடானுகோடி ரெட்டினல்கள் இரண்டு செல்களுக்கு நடுவே போய்வந்துகொண்டிருந்தன.

அந்தக் கருநிறப் படலம் இன்னொரு வேலையும் செய்கிறது. குச்சிச் செல் தினமும் தன் நுனியிலிருந்து சுமார் பத்தில் ஒரு பங்குத் தட்டுகளை உதிர்க்கிறது, அதுவும் பெரும்பாலும் காலையில் வெளிச்சம் வரும் வேளையில். படலம் அவற்றை விழுங்கிச் செரிக்கிறது. அடியிலிருந்து புதுத் தட்டுகள் வளர்கின்றன. ஏறக்குறைய பத்து நாளில் முழு அடுக்கும் புதிதாகிவிடும். ரெட்டினலை மறுபடி வளைக்கும் ஆர்பிஇ65 என்ற புரதத்தின் மரபணு பழுதானால் குழந்தைகள் பிறவியிலேயே அல்லது இளவயதிலேயே பார்வையை இழக்கிறார்கள். சரியான மரபணுவை விழித்திரையின் அடியில் செலுத்தும் லக்ஸ்டர்னா என்ற சிகிச்சைக்கு 2017-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

ஆனால் இந்தச் சுழற்சி நம் ஊரில் அறுந்தது பெரும்பாலும் மரபணுவால் இல்லை, சாப்பாட்டால். ரெட்டினலை உடல் தானாக உருவாக்க முடியாது. முட்டை, பால், ஈரல் ஆகியவற்றிலிருந்து வைட்டமின் ஏ-யாக வர வேண்டும். அல்லது முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், கேரட் போன்றவற்றின் பீட்டா கரோட்டினிலிருந்து உருவாக வேண்டும். அது குறைந்தால் ரோடாப்சின் குறையும். பகலில் ஃபோட்டானுக்குப் பஞ்சமில்லை, அதனால் குறை தெரியாது. ஃபோட்டான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டிய அந்திப் பொழுதில் தெரிந்துவிடும். மாலைக்கண் என்று நம் மொழி இதற்கு வைத்த பெயர் அவ்வளவு துல்லியமானது. பற்றாக்குறை தொடர்ந்தால் கண்ணின் மேற்பரப்பு வறண்டு, கருவிழி புண்ணாகிக் கரைந்து, பார்வை நிரந்தரமாகப் போய்விடும். 1970-ல் இந்திய அரசு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது இதைத் தடுக்கத்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அதைத் தொடங்குவதற்கு முன்பே இந்தக் குழந்தைகளுக்காக உழைத்தவர்.

பாதிப்பு கண்ணோடு நிற்பதும் இல்லை. திருச்சிப் பகுதியில் 15,419 சிறு குழந்தைகளிடம் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் ஓராண்டு நடத்திய ஆய்வு 1990-ல் வெளியானது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடம் இறப்பு, பெறாதவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. தொற்றுகளை எதிர்க்கும் வலுவுக்கும் உடல் அதே சத்தைத்தான் நம்பியிருக்கிறது. பற்றாக்குறையை முதலில் வெளியே காட்டுவது மட்டும் குச்சிச் செல்கள்.

கிராமங்களில் கணக்கெடுக்கப் போகும் பணியாளர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் கட்டாயமில்லை. உள்ளூரில் அந்தக் குறைக்கு வழங்கும் பெயரைச் சொல்லியே கேளுங்கள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பொழுது சாய்ந்ததும் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறதா, எதிரே வைத்த தட்டைத் தடவித் தேடுகிறதா என்று அம்மாவிடம் கேட்டால் போதும். ஆம் என்று பதில் வந்து, வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டால், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களிலேயே அந்தக் குழந்தைக்கு மாலையிலும் தட்டு தெரிய ஆரம்பித்துவிடும்.